பின்வளவில் ஓர் அறை கேட்டோம்

1987ஆம் ஆண்டு வசந்தகாலம். ரொறன்ரோவில், அஜின்கோர்ட் பக்கம் நாங்கள் முதன்முதலாக ஒரு வீடு வாங்கி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அந்த வருடம் எங்களுக்கு நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வரும், பல்லைக் கடிக்கவும் வரும். முதலில் பல்லைத்தான் கடிப்பேன்.

வீடு மாடி வீடு. கீழே சமைக்கக் குசினியும் இருக்க ஓர் அறையும் மட்டும். படுக்கை அறைகள், குளியலறை, கழிவறை எல்லாம் மேலே. நான், என் கணவர், இரண்டு பிள்ளைகள் என்று எங்கள் நாலு பேருக்கும் அது தாராளம். ஆனால் ஊரிலிருந்து என் தம்பி வரவிருந்தான். வங்கியில் வேலை பார்த்தவன், வாய்க்காரன். செல் குண்டு விழுந்து அவனுடைய இடது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். ஊன்றுகோலோடு கொழும்பில் தங்கி, கனடா விசாவுக்காகக் காத்திருந்தான்.

ஊன்றுகோலோடு வருகிறவன் ஒவ்வொரு முறையும் கழிவறைக்கு மாடி ஏறுவது எப்படி? அதனால் பின்வளவுப் பக்கம், வீட்டோடு ஒட்டி ஓர் அறையும் அதற்குள் ஒரு கழிவறையும் கட்டவேண்டும். அவன் வந்து இறங்குவதற்கு முன் அது முடியவேண்டும். எங்களுக்கு வேறு ஆசை ஒன்றும் இருக்கவில்லை.

கட்டுவதற்கு வந்த போர்த்துக்கீசக்காரர் அளந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். அறையைக் கட்டினால் அதன் சுவர் பக்கத்து வீட்டு வேலிக்குக் கிட்டப் போய்விடுமாம். சட்டப்படி விடவேண்டிய இடத்தில் இரண்டடி குறைகிறதாம். அப்படிக் குறைந்தால் நகரசபையின் ஒரு கமிட்டியிடம் போய் 'வேரியன்ஸ்' கேட்கவேண்டும். சட்டம் இப்படித்தான், ஆனால் உங்களுக்கு மட்டும் இந்த இரண்டடியை விட்டுத்தருகிறோம் என்று அவர்கள் சொன்னால்தான் மண்வெட்டியை எடுக்கலாம். என் வளவில், என் காசில், என் தம்பிக்கு ஒரு கழிவறை கட்ட ஊரிடம் வரம் கேட்கவேண்டும். அன்றைக்கே எனக்குக் கோபம் ஏறிவிட்டது.

விண்ணப்பத்தில் ஏன் இந்த விலக்கு வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். தம்பியின் காலைப் பற்றி எழுதுவோம் என்றேன். இவர், என் கணவர், பேனையைப் பறித்துவிட்டார்.

"உமக்கு விசரே? விசா இன்னும் கையிலை வரேல்லை. கால் இல்லாத ஆள் வாறான் எண்டு அரசாங்கத்துக்கு நாங்களே எழுதிக் குடுக்கிறதோ?"

"இது நகரசபையப்பா. விசா குடுக்கிறது ஒட்டாவா."

"எல்லாம் ஒரே அரசாங்கம்தான். நீர் சும்மா இரும்."

தம்பி வைத்தியச் சோதனை எல்லாம் முடித்துத்தான் காத்திருந்தான். அவனுக்குக் கால் இல்லை என்பது விசா கொடுப்பவர்களுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். ஆனால் எங்கள் ஆட்களுக்கு அரசாங்கம் என்றால் ஒரே ஆள், அவருக்கு ஆயிரம் காது. ஊரில் பட்ட பாடு அப்படி. இவர் 'மேலதிகமாக ஒரு படுக்கை அறை தேவை' என்று மட்டும் எழுதினார். நாலு பேர் இருக்கிற வீட்டில் மேலே மூன்று அறை இருக்க, கீழே தனிக் கழிவறையோடு இன்னோர் அறை ஏன் என்று வாசிக்கிறவன் யோசிப்பான் என்று அவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

பிறகு வீட்டுக்கு முன்னால் புல்லில் ஓர் அறிவித்தல் பலகை வந்து நின்றது. இந்த வீட்டுக்காரர் இன்னது கேட்கிறார், ஆட்சேபம் உள்ளவர்கள் இந்த நாளில் வரலாம் என்று தெருவில் போகிற நாய் பூனைக்குக்கூடத் தெரிகிற மாதிரி. எங்கள் செபமாலைக் கூட்டத்து அன்ரி ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "என்ன பிள்ளை, வீட்டை ஏலம் போடுறாங்களோ?" என்று கண்கலங்கிவிட்டார்.

செபமாலைக் கூட்டத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு ஊரிலிருந்து வந்து சேர்ந்த எங்கள் தீவுப்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் அப்போது ஸ்காபரோவில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தன. சொந்த வீடு என்று எங்களிடம் இருந்ததால் ஒவ்வொரு சனிக்கிழமை பின்னேரமும் எங்கள் வீட்டில்தான் செபமாலை. செபம் அரை மணித்தியாலம், பிறகு ஊர்ப்புதினம் இரண்டு மணித்தியாலம். யாருக்குக் கடிதம் வந்தது, யாரைப் பிடித்துக்கொண்டு போனார்கள், யார் ஜெர்மனிக்குப் போய்ச் சேர்ந்தார்கள் என்பதெல்லாம் எங்கள் வீட்டில்தான் தெரியவரும். வருகிறவர்கள் எல்லாரும் வாசலில் கண்ணாடி அடைத்த சின்னப் போர்ச்சில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வருவார்கள். சனிக்கிழமைகளில் அந்தப் போர்ச்சில் கால் வைக்க இடம் இருக்காது. திருவிழாக் காலத்துக் கோயில் வாசல்தான்.

கமிட்டி கூடும் நாள் நெருங்கியது. தனியாகப் போனால் மதிக்கமாட்டார்கள், எங்கள் பக்கம் ஆட்கள் இருக்கிறார்கள் என்று காட்டவேண்டும் என்றார் இவர். சம்பந்தம் பேசப் போனாலும், காணிப் பிணக்குக்குப் போனாலும், ஆசுபத்திரிக்கு நோயாளியைப் பார்க்கப் போனாலும் நாங்கள் தனியே போனதாகச் சரித்திரம் இல்லை. எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. செபமாலைக் கூட்டத்தில் சொன்னதும் எல்லாரும் வேலைக்கு லீவு போட்டுக்கொண்டு வரச் சம்மதித்தார்கள். அந்த அன்பை நான் குறை சொல்லமாட்டேன். கார்கள் போதாமல் ஒருவர் தன் வேலைத்தல வான் வண்டியையும் கொண்டுவந்தார். பெண்கள் நல்ல சேலை உடுத்து, ஆண்கள் கோட்டுப் போட்டு, கைக்குழந்தைகளோடு நாங்கள் மண்டபத்துக்குள் போனபோது வாசலில் இருந்த அம்மா, கலியாணப் பதிவுக்கு வேறு கட்டிடம் என்றார்.

மேசைக்குப் பின்னால் ஐந்து பேர் இருந்தார்கள். நீதிபதிகள் போல இருப்பார்கள் என்று நினைத்துப் போனேன். பார்த்தால் பாடசாலைப் பெற்றோர் கூட்டத்துக்கு வந்தவர்கள் போலச் சாதாரண ஆட்கள். எங்களுக்கு முன்னால் ஒருவர் இரண்டு கார் நிறுத்தும் கராஜ் கேட்டார். எங்களைவிட அதிகமாகத்தான் சட்டத்தை மீறுகிற கராஜ். அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து, எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை என்று ஒரு வசனம் சொன்னார். ஐந்து பேரும் தலையாட்டினார்கள், கராஜ் கிடைத்துவிட்டது. கார் இரண்டுக்கு இவ்வளவு சுகமாகக் கிடைக்கிறதே, மனிதனுக்குக் கிடைக்காதா என்று நான் மனத்துக்குள் சந்தோசப்பட்டேன்.

எங்கள் முறை வந்தது. யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று தலைவர் கேட்டார். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து நின்றார்.

அவரை நாங்கள் 'கிழவர்' என்றுதான் சொல்வோம். ட்ராம் ஓட்டி ஓய்வு பெற்றவர், மனைவி இறந்து தனியாக இருந்தார். எங்களைக் கண்டால் தொப்பியைத் தொட்டு குட்மோர்னிங் சொல்வார், நாங்களும் சொல்வோம். இரண்டு வருடத்தில் அதற்கு மேல் ஒரு வார்த்தை கதைத்தது கிடையாது. அவர் கோபப்படவில்லை, சத்தம் போடவில்லை. இவர்கள் நல்ல மனிதர்கள்தான், ஆனால் இந்த வீட்டில் நாலு பேர் இருப்பதாக விண்ணப்பத்தில் எழுதியிருக்கிறது, ஒவ்வொரு சனிக்கிழமையும் வாசலில் நான் சப்பாத்தை எண்ணிப் பார்க்கிறேன், முப்பது சோடிக்குக் குறைந்ததில்லை என்றார். பின்தெருவில் ஒரு வீட்டை இப்படித்தான் அறை அறையாகப் பிரித்து வாடகைக்கு விட்டுத் தெருவையே கெடுத்துவிட்டார்கள், இதுவும் அப்படித்தான் ஆகப் போகிறது என்றார்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எங்கள் பின்னால் இருந்த வரிசைகளைப் பார்த்தார். முப்பதுக்கு மேலே ஆட்கள். பின்வரிசையில் எங்கள் அன்ரிமார் மூன்று பேர், காரியம் நல்லபடி முடியவேண்டும் என்று செபமாலை உருட்டிக்கொண்டு முணுமுணுத்தபடி. இவர்கள் எல்லாரும் யார் என்று தலைவர் இவரைக் கேட்டார்.

இவர் நெஞ்சை நிமிர்த்தினார். எல்லாரும் எங்கள் ஆட்கள், எங்கள் வீட்டை இவர்கள் தங்கள் வீடு மாதிரித்தான் நினைக்கிறார்கள் என்று நல்ல தெளிவான ஆங்கிலத்தில் சொன்னார்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டியை நான் அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன். அந்த ஆண்டியோடுதான் எனக்குத் தாலி கட்டிக் குடும்பம். கிழவர் தன் கதிரையில் சாய்ந்து இருந்துகொண்டார். அவருக்குப் பேச என்ன இருந்தது? அவர் எண்ணின சப்பாத்துகள் எல்லாம் கால் முளைத்து அங்கே வந்து வரிசையாக இருந்தனவே.

நான் எழும்பி உண்மையைச் சொல்லப் போனேன். இவர் என் சேலைத் தலைப்பைப் பிடித்து இருத்திவிட்டார். கமிட்டிக்காரர் தங்களுக்குள் குசுகுசுத்துவிட்டு, இன்று முடிவு இல்லை என்றார்கள். இந்த அறை யாருக்கு என்று தெளிவாகச் சொல்லவேண்டும், முக்கியமாகப் பக்கத்து வீட்டுக்காரரோடு பேசிவிட்டு வாருங்கள் என்று தலைவர் தன்மையாகத்தான் சொன்னார். அடுத்த தவணையன்று போனால் அன்றைய நிகழ்ச்சிநிரல் நிறைந்துவிட்டது என்று மறுபடி தள்ளிவிட்டார்கள். கோடையில் கமிட்டி கூடுவதும் குறைவாம்.

அதற்குள் தம்பிக்கு விசா வந்துவிட்டது. கால் இல்லாதவன் என்று தெரிந்துகொண்டுதான் கொடுத்தார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடான் என்பது இதுதான். ஒரு நாட்டுக்குள் வர விடுகிறார்கள், ஓர் அறைக்குள் விட இந்தப் பாடு.

தம்பி வந்து இறங்கினான். அந்தக் கோடை முழுவதும் கீழே சோபாவில் படுத்தான். கழிவறைக்குப் போவதென்றால் படியில் முதுகு காட்டி இருந்து, கைகளை ஊன்றி, ஒவ்வொரு படியாகப் பின்னுக்கு ஏறுவான். தூக்கிக்கொண்டு போகிறேன் என்று இவர் போனால் கத்துவான். நாங்கள் பார்க்கக்கூடாது என்பதற்காக எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கும் போகும்வரை அடக்கிக்கொண்டு இருப்பான். தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிட்டான் என்று கண்டுபிடித்த அன்று நான் குசினிக் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் நின்று அழுதேன். வெளியிலும் அவன் போகமாட்டான். ஊன்றுகோலைத் தெரு பார்க்கக்கூடாதாம்.

"போய் அந்த மனுசனோடை கதையுங்கோ" என்று இவரை எத்தனை முறை கேட்டிருப்பேன்.

"சபையிலை எங்களை அவமானப்படுத்தின ஆளிட்டை நான் போய்க் கெஞ்சிறதோ? வேணுமெண்டால் சுவாமியை அனுப்புவம்."

கிழவர் எந்தக் கோயிலுக்கும் போகாதவர். அவருடைய வாசலில் எங்கள் பங்குச் சுவாமியார் அங்கியோடு போய் நின்று சமரசம் பேசுவதை நினைத்துப் பார்த்தேன். பிணக்கு என்றால் நடுவில் ஓர் ஆளை விட்டுப் பேசித்தான் எங்களுக்குப் பழக்கம். இடையில் இருந்தது ஒரு வேலி, அதற்கும் தூது வேண்டுமாம்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் எனக்கு விசர் பிடித்துவிட்டது. செபமாலைக்கு வருகிறவர்கள் தின்ன றோல்ஸ் சுருட்டிக்கொண்டிருந்தவள், மாவுக் கையோடு போய்க் கிழவரின் மணியை அடித்தேன். சமாதானம் பேசப் போகவில்லை, சண்டை பிடிக்கத்தான் போனேன். கதவு திறந்ததும் என் வேலைத்தல ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளினேன். சப்பாத்து எண்ணுகிறீர்களா, இன்றைக்கு உள்ளே வந்து எண்ணுங்கள், வரும்போது எவ்வளவு, போகும்போது எவ்வளவு, கடைசியில் மிச்சம் எவ்வளவு, அதுதான் இந்த வீட்டில் இருக்கிற ஆட்கள் என்றேன். அவர் என் மாவுக் கையைப் பார்த்தார். எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

சொன்ன நேரத்துக்கு வந்தார், கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு. யாரும் சொல்லாமலே போர்ச்சில் குனிந்து சப்பாத்தைக் கழற்றினார். காலுறையில் ஓர் ஓட்டை, பெருவிரல் எட்டிப் பார்த்தது. அதை மறைக்க மற்றக் காலை மேலே வைத்துக்கொண்டு, ஒரு சொல் விளங்காத செபமாலை முழுவதும் அசையாமல் இருந்தார். அன்ரிமார் அவருக்கு றோல்ஸும் தேத்தண்ணியும் கொடுத்தார்கள். உறைப்பில் கண்ணீர் வந்தது, ஆனாலும் இரண்டாவதையும் எடுத்தார். இவர் ஒரு மூலையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தார். தம்பி சோபாவில், வழக்கம் போலப் போர்வையால் இடுப்புக்குக் கீழே மூடிக்கொண்டு.

பிறகு ஒவ்வொருவராகப் போனார்கள். கிழவர் தன் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போர்ச் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். சப்பாத்துகள் குறைந்துகொண்டே வந்தன. கடைசியில் என்னுடையது ஒரு சோடி, இவருடையது, பிள்ளைகளுடையது இரண்டு. அவற்றுக்குப் பக்கத்தில் ஓர் ஆணுடைய ஒற்றைச் சப்பாத்து. வலது கால்.

கிழவர் குனிந்து சுற்றிலும் மற்றதைத் தேடினார். யாரோ மாற்றிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள் போலிருக்கிறது என்று என்னிடம் சொன்னார்.

உள்ளே இருந்து தம்பியின் குரல் கேட்டது. "அக்கா, அது என்ரை. என்னை அரை ஆள் எண்டு கணக்கெடுக்கச் சொல்லு." எனக்காகக் காத்திராமல், தானே தன் வங்கி ஆங்கிலத்தில் அதையே கிழவருக்குச் சொன்னான். சொல்லிவிட்டுப் போர்வையையும் விலக்கினான்.

கிழவர் எட்டிப் பார்த்தார். சோபாவைப் பார்த்தார், பிறகு நிமிர்ந்து மாடிப் படிகளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அறை யாருக்கு, கழிவறை ஏன் கீழே என்றெல்லாம் எங்கள் விண்ணப்பம் சொல்லாததை அந்த ஒற்றைச் சப்பாத்து சொல்லிவிட்டது. ஏன் முதலே சொல்லவில்லை என்று என்னைக் கேட்டார். கோபமாகத்தான் கேட்டார். மூலையில் இருந்த இவர் அப்போதுதான் எழுந்து வந்து, கிழவரின் கோட்டை எடுத்துக் கொடுத்தார்.

அடுத்த தவணைக்கு நானும் இவரும் மட்டும் போனோம். காலைக் காட்டிப் பிச்சை எடுக்கமாட்டேன் என்று தம்பி வரவில்லை. அவன் காலைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டுமோ என்று போகிற வழியெல்லாம் யோசித்தேன். அவனுக்கு அது பிடிக்காது, சொல்லாவிட்டால் அறை இல்லை. தலைவர் வாய் திறப்பதற்குள் கிழவர் எழுந்தார். நான் போய்ப் பார்த்தேன், இது குடும்பத்தில் ஒருவருக்கான அறை, அது தேவையான அறை, எனக்கு ஆட்சேபம் இல்லை என்றார். போன முறை சப்பாத்து எண்ணினீர்களே என்று கமிட்டியில் ஒருவர் கேட்டார். பிழையாக எண்ணிவிட்டேன் என்றார் கிழவர். தம்பியின் காலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஐந்து பேரும் தலையாட்டினார்கள். கராஜ்காரருக்கு ஆன நேரம்கூட ஆகவில்லை. இரண்டு நிமிட வேலைக்கு என் தம்பி ஒரு கோடை முழுவதும் படியில் முதுகால் ஏறினான். வெளியே வந்து காரில் ஏறியதும் இவரைத் திட்டினேன், கமிட்டியைத் திட்டினேன், சட்டம் எழுதினவனைத் திட்டினேன். வீட்டு வாசலில் இறங்கும்போது இவர், "கிழவனுக்கு றோல்ஸ் கொஞ்சம் குடுத்துவிடும்" என்றார். நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கோ என்றேன். கொண்டுபோனார். கனநேரம் ஆளைக் காணவில்லை. திரும்பி வந்தபோது கிழவர் வீட்டுத் தக்காளி ஒரு பை கையில் இருந்தது.

முதல் பனி விழுவதற்குள் அறைக்குக் கூரை போட்டாயிற்று. தம்பி தன் அறையில் படுத்த முதல் நாள் காலையில், குசினியில் நின்ற எனக்கு அவனுடைய கழிவறையில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. அதைப் போல் ஒரு சங்கீதத்தை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

இப்போது யாராவது வீட்டைப் பெருப்பிக்கப் போகிறோம், கமிட்டிக்கு என்ன எழுதுவது என்று கேட்டால், முதலில் பக்கத்து வீட்டு மணியை அடித்துவிட்டு வாருங்கள் என்றுதான் சொல்கிறேன். முப்பது பேரைத் திரட்டிக்கொண்டு ஊரின் மறுகோடிக்குப் போன எங்களுக்கு, ஒரு வேலிக்கு அந்தப் பக்கம் போக ஒரு கோடைகாலம் எடுத்தது என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. கூடவே, காலுறை ஓட்டையை மறைத்துக்கொண்டு எங்கள் வீட்டில் இருந்த அந்த மனிதர், என் தம்பியின் காலையும் அப்படியே சபையில் மறைத்துக் காப்பாற்றினார் என்ற நினைப்பும் வருகிறது.